வர்ணம் பிறக்கும் இடம்

மட்டாஞ்சேரி

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பீகியின் 'ரோமாபுரியின் பைன் மரங்க'ளை டோஸ்கானினியும் ரெய்னரும் நடத்திய ஒலிப்பதிவுகளில் கேட்டு ஊறிய காதுக்கு, அமெரிக்காவின் பெருநகர வரிசையில் வைத்து எண்ணப்படாத பஃபலோ என்னும் ஊரின் ஆர்கெஸ்ட்ரா வாசித்ததைக் கேட்பதில் என்ன பிரயோஜனம் என்று வினவியிருக்கிறாய். வயலினையே ஜீவனமாகக் கொள்ள உத்தேசித்திருக்கும் உனக்கு அந்தப் பதிவைத்தான் நான் முதலில் சிபாரிசு செய்வேன். காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்கிறேன்.

ஜோஆன் ஃபல்லெட்டா அம்மையார் நடத்தி, நாக்ஸாஸ் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட தட்டு அது. 'ரொசீனியானா', 'பிரேசில் மனப்பதிவுகள்' என்னும் இரண்டும் அதில் உண்டு, அவை இனிமையானவையே. ஆனால் நீ தங்க வேண்டிய இடம் 'தேவாலயச் சாளரங்கள்'. 1919-ல் தாம் மணந்த எல்சாவின் மூலம் பழைய கிரிகோரியன் கீதங்களில் ஈடுபாடு கொண்ட ரெஸ்பீகி, அக்கீதங்களின் சாயலில் பியானோவுக்கு எழுதிய மூன்று முன்னிசைகளையே பிற்பாடு பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்து, நான்காவது ஒன்றையும் புதிதாகச் சேர்த்து, இந்தப் படைப்பை உருவாக்கினார். திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் செல்வது, அதிதூதர் மிக்கேல் என்றெல்லாம் அப்பகுதிகளுக்கு இன்று வழங்கும் தலைப்புகள் இசை உருவான பிறகு, நண்பர் குவாஸ்தல்லாவுடன் ஆலோசித்துச் சூட்டப்பட்டவை. ஆகையால், கோட்டைக் கொச்சியின் சாந்தா குரூஸ் தேவாலயத்தில் இத்தாலியரான சகோதரர் மோஸ்கேனி தீட்டிய சித்திரங்களை அண்ணாந்து பார்க்கும் பாவனையிலேயே இந்த இசையையும் கேட்டு, கழுதை எங்கே, குழந்தை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாயானால் இசை உன்னைக் கடந்து போய்விடும்.

முதற்பகுதி ஐந்தைந்து அட்சரமாக நடப்பது. கண்ட நடையில் பழகிய நம் காதுக்கு அந்தத் தயங்கிய நடை அந்நியமாகத் தோன்றாது. இரண்டாவதில் பித்தளை வாத்தியங்கள் போர் தொடுத்து ஓயும் இடைவெளியில், மேடைக்கு அப்பாலிருந்து ஒற்றை டிரம்பெட் ஒலிக்கும். பகுதியின் முடிவில் பெரிய சேகண்டியின் ஓர் அடி. அந்த அடியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நீயோ அதற்கு முந்திய கணங்களில் தந்தி வாத்தியங்கள் செய்வதைக் கேள். மூன்றாவதான புனித கிளாராவின் பகுதி சிறியது, மிருதுவானது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் அவ்விடத்தில்தான், சொற்ப வாத்தியங்களைக் கொண்டே ரெஸ்பீகி எத்தனை சாயைகளைக் காட்டுகிறார் என்பது துலக்கமாக விளங்கும். கடைசிப் பகுதியில், உலகெங்கும் லத்தீன் பூசையில் பாடப்பட்டு வந்த தேவதூதர் பூசையின் 'குளோரியா' மெட்டு, ஆர்கனும் மணிகளும் சேர்ந்து எழும் பேரொலியாக வளர்ந்து நிறைகிறது.

இவ்வளவு வர்ணமும் எங்கிருந்து வருகிறது? நம் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் இராமாயணத்தை எழுதிய ஓவியர்கள், காவி, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்ற பஞ்சவர்ணத்தை ஆதாரமாகக் கொண்ட மரபில் வந்தவர்கள். அந்தப் பச்சை ஜொலிப்பது அதன் அருகில் காவி இருப்பதனால். வாத்தியங்களின் சங்கதியும் அதுவேதான். கிளாரினெட்டின் குரல்மேல் வயோலாவின் குரல் படியும்போது இரண்டுக்கும் சொந்தமல்லாத மூன்றாவது நாதம் ஒன்று பிறக்கிறது. தனக்கு அடுத்தவன் எவ்வளவு ஒலிக்கிறான் என்று அறிந்து தன் ஒலியை அடக்கத் தெரியாத வித்வானிடம், அவன் எவ்வளவு தேர்ந்தவனாயினும், அது பிறப்பதில்லை.

ரெஸ்பீகிக்கு இந்த ஞானம் மேஜையருகே உட்கார்ந்து மட்டும் வந்ததன்று. இளம் வயதில் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இத்தாலிய ஓபரா பருவத்துக்கு வயோலா வாசிக்கப் போனவர் அவர். வாத்திய வர்ணக் கலவையில் ஆசாரியரான ரிம்ஸ்கி கோர்சக்கோவிடம் பாடம் கேட்டதும் அங்கேயே. ஆர்கெஸ்ட்ராவின் நட்டநடுவில் உட்கார்ந்து, இடப்புறம் வயலின்களும் பின்புறம் ஊதுவாத்தியங்களும் எவ்வாறு கலக்கின்றன என்பதை நித்தியம் கேட்டுப் பழகிய ஒருவர் எழுதிய சங்கீதம் இது என்பதை மறவாதே.

இப்போது பஃபலோவுக்கு வருகிறேன். ஜோசப் கிரிப்ஸும் லூக்காஸ் ஃபாஸும் முன்பு தலைமை ஏற்றிருந்த அந்த ஆர்கெஸ்ட்ராவை 1999 முதல் ஃபல்லெட்டா நடத்தி வருகிறார். சாரினென் தந்தையும் மகனும் வடிவமைத்து 1940-ல் திறக்கப்பட்ட கிளைன்ஹான்ஸ் மண்டபம் அதன் சொந்த வீடு. ஒரே மண்டபத்தில், ஒரே தலைமையின் கீழ், அதே சகபாடிகளோடு ஆண்டுக்கணக்கில் வாசிக்கிறவர்களுக்கு, அண்டை நாற்காலியின் மூச்சுகூடப் பரிச்சயமாகிவிடுகிறது. அந்தப் பரிச்சயத்தின் பலனை இத்தட்டில் நான் கேட்கிறேன். ரெய்னரின் சிகாகோ பதிவில் உன்னைப் பிரமிக்கவைப்பது தனித்தனி வாத்தியங்களின் பிரகாசம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிரமிப்பில் இருக்கும் மாணவனுக்குக் கலவையின் நுட்பம் செவியில் ஏறாது; இங்கே ஏறும்.

நம் தேசத்தில் இத்தகைய முழுநேர வாழ்வுக்கு இடம் அரிது. மும்பையில் 2006-ல் தோன்றிய இந்திய சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை விட்டால், உன்னைப் போன்றவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் திரைப்பட ஒலிப்பதிவுகளும், தேவாலயப் பாடகர் குழுக்களும், விழாக்காலத்தில் திரட்டப்படும் கோஷ்டிகளுமே. அங்கெல்லாம் உனக்கு முதல் வரிசை கிடைக்காமற்போகலாம். இரண்டாம் வயலினில் அமர்த்தினால் மனம் சோராதே. மெட்டு உன் கையில் இல்லாத அந்த நாற்காலியில்தான், மெட்டைத் தாங்குகிற நாதத்தை நீ உண்டாக்கக் கற்பாய்.

ஆகவே ஒன்று செய். கிளாரா பகுதியை மட்டும் எடுத்துக்கொள். முதல் தடவை மேலே போகும் மெட்டைக் கேள். அடுத்து, அதன் கீழே அசையாமல் நீளும் தந்தி ஸ்வரங்களை மாத்திரம் தொடர்ந்து செல். பிறகு வயலினை எடுத்து, அந்தக் கீழ் ஸ்வரங்களில் ஒன்றைப் பதிவோடு சேர்த்து, உன் வில்லின் ஓசை தனியே தெரியாத அளவுக்கு மெல்ல இழுத்துப் பார். வில்லின் எந்த இடத்தில் அது கைகூடியது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. மிக்கேல் பகுதியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

உன் நலம் நாடும்,
அண்ணன்