ஆக்கியோர் பெயர் அறியப்படவில்லை: எலிசபெத் கொட்டனின் கிட்டார் இசை

நாட்டார் பாடல்களின் பண்புகளை எழுதும்படி வினா வந்தால் நாம் எல்லோரும் தவறாமல் எழுதும் விடை ஒன்றுண்டு. “ஆக்கியோர் பெயர் அறியப்படாதவை” என்பதே அது. வாய்மொழியாகப் பரவுதல், எளிய சொற்கள், திரும்பத் திரும்ப வரும் அடிகள் என்பவற்றோடு இதனையும் சேர்த்துவிட்டால் புள்ளி கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். ஆனால் அந்தப் பெயரை அறிய எவரேனும் முயன்றார்களா என்ற கேள்வி, அமெரிக்கக் கிராமிய இசைக் கலைஞர் ஒருவரின் வரலாற்றை வாசித்தபோதுதான் எனக்குள் எழுந்தது. அவர் பெயர் எலிசபெத் கொட்டன்.

ஐந்து மாதச் சம்பளம்

எலிசபெத் கொட்டன் 1893 இல் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணன் வேலைக்குப் போனதும் அவருடைய பான்ஜோ வாத்தியத்தை எடுத்து இரகசியமாக வாசித்துப் பழகினார். அண்ணன் வீட்டை விட்டுப் போனபோது பான்ஜோவும் போய்விட்டது. சிறுமி எலிசபெத் பிறர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 75 சதம். அவர் வாங்கிய கிட்டாரின் விலை 3 டொலர் 75 சதம். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சதமும் செலவழிக்காத ஐந்து மாதச் சம்பளம் அது.

அவர்களுடைய வீட்டுக்கு அருகே புகையிரதப் பாதை சென்றது. அதில் ஓடிய சரக்குப் புகையிரதத்தை வைத்து அவர் சிறுவயதிலேயே கட்டிய பாடல்தான் ‘ஃபிரெயிட் ட்ரெயின்’.

தலைகீழான கிட்டார்

கிட்டாரில் ஆறு தந்திகள் உள்ளன. வலது கைப் பழக்கமுள்ளவர் அதனை மடியில் வைக்கும்போது தாழ்ந்த சுருதி தரும் தடித்த தந்திகள் மேலேயும், உயர்ந்த சுருதி தரும் மெல்லிய தந்திகள் கீழேயும் இருக்கும். பலர் சிறு பிளாஸ்டிக் துண்டினால் தந்திகளை ஒன்றாக வருடி வாசிப்பர். விரல்களால் மீட்டும் முறை இதிலிருந்து வேறுபட்டது. பெருவிரல் தடித்த தந்திகளை மாறிமாறி மீட்டித் தாளம் தவறாத அடிநாதத்தைக் கொடுக்கும். அதே நேரத்தில் சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய தந்திகளில் பாடலின் மெட்டை எழுப்பும். இதனால் ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதைப் போலக் கேட்கும். தனித்து நின்று பாடும் கலைஞர்கள் பலர் இம்முறையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கொட்டனோ இடது கைப் பழக்கமுள்ளவர். கற்றுக்கொடுக்க ஆசிரியரும் இல்லை. தந்திகளைக் கழற்றி மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே மறுபக்கம் திருப்பிப் பிடித்தார். இப்போது மெல்லிய தந்திகள் மேலே, தடித்தவை கீழே. எனவே விரல்கள் அடிநாதத்தையும் பெருவிரல் மெட்டையும் வாசிக்க வேண்டியதாயிற்று. இந்த வாசிப்பு முறை இன்று அவருடைய பெயராலேயே ‘கொட்டன் பிக்கிங்’ என்று அழைக்கப்படுகின்றது.

சமையலறையில் இருந்த கலைஞர்

பதினேழு வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. நான் இக்கட்டுரையை எழுதும் வயதும் அதுவே. குடும்பப் பொறுப்பு வந்தது. உலகியல் பாடல்களை விட்டுவிடும்படி தேவாலயத்தாரும் கூறினர். கிட்டார் மெல்ல மெல்லக் கையை விட்டுப் போயிற்று. பல பத்தாண்டுகள் அவர் வீட்டு வேலைகள் செய்தே வாழ்ந்தார்.

1940களில் வொஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தபோது, தாயைப் பிரிந்து தவித்த ஒரு சிறுமியைக் கண்டு தாயிடம் ஒப்படைத்தார். அச்சிறுமி பெகி சீகர். தாய் ரூத் க்ரோஃபர்ட் சீகர் ஓர் இசையமைப்பாளர். தந்தை சார்ள்ஸ் சீகர் ஓர் இசை ஆய்வாளர். இந்த அறிமுகத்தின் மூலம் கொட்டன் அவர்கள் வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் சேர்ந்தார்.

ரூத், அமெரிக்கக் கிராமியப் பாடல்களைச் சிறுவர்களுக்காகத் தொகுத்து 1948 இல் நூலாக வெளியிட்டவர். பாடல்களைத் தேடித் தேடி எழுதிய அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு பாடலாசிரியர் சமைத்துக்கொண்டிருந்தார். அது யாருக்கும் தெரியவில்லை. சில ஆண்டுகளின் பின், சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து அவர் வாசித்ததைப் பெகி கேட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது.

பாடல் போனது, பெயர் போகவில்லை

பெகி இங்கிலாந்து சென்றபோது ‘ஃபிரெயிட் ட்ரெயின்’ பாடலை அங்கு பாடினார். கேட்டவர்கள் கற்றுக்கொண்டனர். 1957 இல் ஒரு பிரித்தானியக் குழுவினர் அதனை இசைத்தட்டாக வெளியிட, அங்கே அது மிகவும் பிரபலமாயிற்று. ஆனால் ஆக்கியோர் என வேறு இருவரின் பெயர்கள் பதிவாகியிருந்தன. பின்னர் சீகர் குடும்பத்தாரின் முயற்சியினாலேயே கொட்டனின் உரிமை ஏற்கப்பட்டது.

பெகியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்த கொட்டனின் முதல் இசைத்தட்டு 1958 இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதன் பின்னரே மேடைகள் ஏறினார். 1984 இல் அமெரிக்காவின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. தொடர்ந்து கிராமி விருதும் பெற்றார். 1987 இல் காலமானார்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு செய்தி. 1967 இல் வெளிவந்த ‘ஷேக் ஷுகரி’ என்ற பாடலின் அடிகளைக் கட்டியவர்கள் தம் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் என்று கொட்டன் வெளிப்படையாகவே கூறினார். அதனைப் பாடவும் கொள்ளுப் பேத்தி ஒருத்தியையே விட்டார். தன் பெயரைப் பிறர் மறைத்ததை அனுபவித்தவர், சிறுபிள்ளைகளின் பெயரைக்கூட மறைக்கவில்லை.

எனது கோவையில் ஒரு திருத்தம்

கடந்த வருடம் தமிழ்ப் பாடச் செயற்றிட்டத்துக்காக என் உம்மம்மா பாடிய எட்டுத் தாலாட்டுகளைக் கைபேசியில் பதிந்து, எழுதி ஒப்படைத்தேன். ஒவ்வொன்றின் கீழும் “ஆக்கியோர்: அறியப்படவில்லை” என்று அழகாக எழுதியிருந்தேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. கொட்டனின் வரலாற்றை வாசித்த பிறகு உம்மம்மாவிடம் போய், இவற்றை யார் கட்டியது என்று கேட்டேன்.

“மூணு எங்கட உம்மா படிச்சது. இன்னும் மூணு யார்ர எண்டு தெரியா. ரெண்டு நான் கட்டினது மகள், உங்கட உம்மா தொட்டில்ல கிடக்கக்குள்ள” என்றார்.

“இவ்வளவு நாளும் ஏன் உம்மம்மா சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லியே.”

மூன்று பாடல்களுக்கு இன்றும் ஆக்கியோர் தெரியாது. ஆகவே நாம் படிக்கும் வரைவிலக்கணம் பிழையானதன்று. ஆயினும், விசாரித்தும் தெரியாமற் போனதும், விசாரிக்காமலே தெரியாது என்று எழுதியதும் ஒன்றாகிவிடா. கோவையில் இரண்டு இடங்களில் அவ்வரியை வெட்டி உம்மம்மாவின் பெயரை எழுதினேன். மற்றும் மூன்றில் “உம்மம்மாவின் தாயாரிடம் கேட்டவை” என்று சேர்த்தேன்.

அன்பான மாணவிகளே, நாட்டார் பாடல் தேடி நீங்கள் புறப்படும்போது வரிகளோடு திரும்பிவிடாதீர்கள். இதை யார் கட்டியது, யாரிடம் கேட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். பெற்றோரே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் அடுப்படியில் முணுமுணுக்கும் பாடல் யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.