சாக்கெட் எண்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சி மொழியில் நெட்வொர்க் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களை ஒரு பழக்கம் சீக்கிரமே தொற்றிக்கொள்கிறது. கம்பைலர் ஒரு பெயர் தெரியவில்லை என்று சொன்னால், அதன் எண்ணைத் தேடிப் பிடித்து, கோப்பின் தலையில் ஒரு டிஃபைன் வரியாகப் போட்டுவிடுகிறார்கள். பிழைச்செய்தி போய்விடும், பிழை போகாது.

நம்பிக்கை: எஸ்ஓ_ரீயூஸ்அட்ரஸ் என்றால் 2, சாக்_ஸ்ட்ரீம் என்றால் 1. பெயரை எழுதினாலும் எண்ணை எழுதினாலும் ஒன்றுதான்.

உண்மை: நம் மேசைக் கணினியில் ஓடும் லினக்ஸில் அது சரி. விண்டோஸ், மேக்ஓஎஸ், ஃப்ரீபிஎஸ்டி மூன்றிலும் எஸ்ஓ_ரீயூஸ்அட்ரஸின் மதிப்பு 4. எஸ்ஓஎல்_சாக்கெட் லினக்ஸில் 1, அந்த மூன்றிலும் 65535. ஐபிவி6 முகவரிக் குடும்பமான ஏஎஃப்_ஐநெட்6 லினக்ஸில் 10, விண்டோஸில் 23, மேக்ஓஎஸ்ஸில் 30. பழைய ஏஎஃப்_ஐநெட் மட்டும் இவை எல்லாவற்றிலும் 2 என்று ஒத்துப்போகிறது. மற்ற எண்களும் அப்படித்தான் இருக்கும் என்ற தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

லினக்ஸுக்குள்ளேயே இருந்தால் பிழைத்தோம் என்றும் சொல்ல முடியாது. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இருக்கும் மிப்ஸ் பிராசஸரில் லினக்ஸ் ஓடும்போது, சாக்_ஸ்ட்ரீம் 2, சாக்_டிகிராம் 1. சாதாரண லினக்ஸுக்கு நேர் தலைகீழ்! 1 என்று எண்ணாக எழுதியவர் டிசிபி கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு யுடிபி சாக்கெட்டைத் திறந்திருப்பார். கம்பைலர் வாயே திறக்காது.

பாசிக்ஸ் தரம் பெயர்களைத்தான் வரையறுக்கிறது, எண்களை அந்தந்த இயங்குதளத்திடமே விட்டுவிடுகிறது. ஆகவே பெயர் கிடைக்கவில்லை என்றால் முதலில் சிஸ்/சாக்கெட்.எச், நெட்இநெட்/இன்.எச் போன்ற ஹெடர்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் பெயர் தெரியவில்லையென்றால், கம்பைலருக்குக் கொடுத்த சி99 தேர்வு சில பெயர்களை மறைத்திருக்கலாம். ஜிலிப்ஸியில் _டிஃபால்ட்_சோர்ஸ் என்ற மேக்ரோவை ஹெடர்களுக்கு முன் வைத்தால் அவை திரும்பி வரும்.

நம்பிக்கை: முகவரி ஸ்ட்ரக்சர் என்பது குடும்பம், போர்ட், ஐபி என்ற மூன்று புலங்கள்தான். நாமே எழுதிக்கொள்ளலாம்.

உண்மை: லினக்ஸின் சாக்அட்ரஸ்_இன் ஸ்ட்ரக்சரில் முதல் 2 பைட்டும் குடும்ப எண். பிஎஸ்டி வழிவந்த இயங்குதளங்களில் முதல் பைட் நீளம், இரண்டாவது பைட்தான் குடும்பம். லினக்ஸ் வடிவத்தைக் கையால் எழுதி அங்கே கொண்டுபோனால், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் குடும்ப எண் போய் உட்காரும்.

அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. சாக்கெட் இடைமுகம் 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. 1989-இன் ஆன்சி சி தரம் வருமுன்பே. வாய்ட் பாயிண்டரை நம்ப முடியாத அந்தக் காலத்தில், எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான உறையாக சாக்அட்ரஸை வைத்தார்கள். அதன் அளவு 16 பைட். ஐபிவி6 முகவரி ஸ்ட்ரக்சருக்கோ 28 பைட் வேண்டும். அக்செப்ட் அழைப்புக்கு 16 பைட் இடம் கொடுத்து, அந்த அளவையே நீளமாகவும் சொன்னால், கெர்னல் அதற்கு மேல் எழுதாது. நினைவகம் தப்பிக்கும். ஆனால் 128 பிட் முகவரியில் முதல் 64 பிட் மட்டும்தான் கைக்கு வரும்: தெருப் பெயர் கிடைக்கும், கதவு எண் கிடைக்காது. சாக்அட்ரஸ்_ஸ்டோரேஜ் இதற்காகவே செய்யப்பட்டது. லினக்ஸில் அது 128 பைட். எந்தக் குடும்பத்து முகவரியும் அதில் அடங்கும்.

நம்பிக்கை: எஸ்ஓ_ரீயூஸ்அட்ரஸ் போட்டால் ஒரே போர்ட்டில் இரண்டு சர்வர் ஓடும்.

உண்மை: லினக்ஸில் ஓடாது. பழைய இணைப்புகள் டைம்_வெயிட் நிலையில் 60 நொடி தங்கியிருக்கும்போதும் சர்வரை மறுபடி தொடங்க அது வழிவிடுகிறது, அவ்வளவே. பைண்டுக்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் அந்த பைண்டுக்கு உதவாது. பல சாக்கெட்டுகள் ஒரே போர்ட்டைப் பகிர 2013-இல் லினக்ஸ் 3.9-இல் வந்தது எஸ்ஓ_ரீயூஸ்போர்ட். விண்டோஸிலோ அதே ரீயூஸ்அட்ரஸ், வேறொரு புரோகிராம் பிடித்திருக்கும் போர்ட்டிலேயே நுழையவிடும். இந்த ஆபத்தைத் தடுக்கத்தான் அங்கே எஸ்ஓ_எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அந்தந்த இயங்குதளத்தின் கையேட்டைப் படித்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: எஸ்ஓ_கீப்அலைவ் போட்டால் எதிர்முனை செத்ததும் தெரிந்துவிடும்.

உண்மை: லினக்ஸின் இயல்பு அமைப்பில், இணைப்பு 7200 நொடி சும்மா கிடந்த பிறகுதான் முதல் சோதனைப் பாக்கெட் போகும். பின்பு 75 நொடிக்கு ஒன்றாக 9 முறை. ஆக, இரண்டு மணி நேரத்துக்கு மேல். டிசிபி_கீப்ஐடில் 30, டிசிபி_கீப்இன்ட்வல் 10, டிசிபி_கீப்சிஎன்டி 3 என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தெரியும். மேக்ஓஎஸ்ஸில் முதலாவதன் பெயர் டிசிபி_கீப்அலைவ். அதற்கு இஃப்டெஃப் போட்டுப் பிரித்து எழுதுங்கள். லினக்ஸில் கீப்ஐடிலின் எண் 4 என்று பார்த்து அதையே அங்கே எழுதினால், 4 அங்கே டிசிபி_நோபுஷ். செத்த இணைப்பைக் கண்டுபிடிக்க எழுதிய வரி, உயிரோடிருக்கும் இணைப்பில் நிரம்பாத பாக்கெட்டுகளைத் தேக்கி வைக்கும்.