கோடை இடிமழையும் மின்தடையும்: ஏற்காடு மக்கள் இப்போது செய்ய வேண்டியவை

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திரளும் இடிமழை சேர்வராயன் மலைக்குப் புதிதல்ல. காப்பிக்கு நிழல் தரவும் மிளகுக் கொடி படரவும் வளர்க்கும் சில்வர் ஓக் நெடுநெடுவென உயரும் மரம். பலத்த காற்றில் அதன் கிளைகள் எளிதில் ஒடியும். ஒடிந்த கிளை மின்கம்பியில் விழுந்த இடம் எஸ்டேட்டின் உட்சரிவில் இருந்தால், லைன்மேன் இருட்டில் நடந்துபோய்த்தான் தேட வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. எனவே இந்தப் பருவத்தில் ஒரு முழு நாள் கரண்ட் வராது என்று கணக்கிட்டே வீட்டை ஆயத்தப்படுத்துங்கள். அப்படி ஆயத்தமாக இருந்தால்தான் பதற்றப்பட மாட்டோம். மின்தடையின்போது நேரும் சாவுகள் பலவும் இருட்டால் வருவதில்லை, பதற்றத்தில் தேடும் குறுக்குவழிகளால் வருகின்றன.

முதல் குறுக்குவழி, அறுந்த கம்பியை நாமே ஒதுக்குவது. “ஊரே இருட்டாக இருக்கிறது, கம்பியில் என்ன கரண்ட் இருக்கப்போகிறது?” என்று தோன்றும். ஆனால் பாறை மண்ணில் விழுந்த கம்பி வழியாகத் தரைக்குப் போதிய மின்சாரம் பாயாது. அதனால் துணை மின்நிலையத்தில் லைன் தானாகத் துண்டிக்கப்படாமலே போகலாம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரும் அதே கம்பிக்கு உயிர் கொடுக்கலாம். 10 மீட்டருக்கு அப்பாலேயே நின்று, குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் தடுத்துவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். மின்கம்ப எண்ணையும் சொன்னால் தேடும் நேரம் மிச்சமாகும். கம்பிமேல் சாய்ந்த மரத்தை, லைன் நிறுத்தப்பட்டதை மின்வாரிய ஊழியர் உறுதி செய்யும்வரை வெட்டாதீர்கள்.

இரண்டாவது, ஜெனரேட்டரை வீட்டு பிளக் பாயின்ட்டில் சொருகுவது. அந்த மின்சாரம் வெளிக்கம்பி வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் அங்கே 11,000 வோல்ட்டாக உயர்ந்து, நமக்காகக் கம்பம் ஏறியவரைக் கொன்றுவிடும். வெளிக்கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில், தேவையான கருவியை ஜெனரேட்டரிலேயே நேராக இணையுங்கள். ஜெனரேட்டரைத் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ வைக்காமல் வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, குளிருக்கு அறைக்குள் கரி மூட்டுவது. கரிப்புகையிலும் ஜெனரேட்டர் புகையிலும் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இருவர் இறந்தனர். மழைக்குப் பிறகு குளிர்ந்தால் கம்பளி போதும், கரி வேண்டாம்.

மலையில் ஃபேன்கூட வேண்டாமே, மின்தடையால் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். மலைக் குளிர்ச்சி உதவுவது உண்மைதான்: பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் குப்பிகள் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் வரை தாங்கும். ஆனால் பாலும் இறைச்சியும் தாங்காது. திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரமே குளிர் காக்கும். கிணற்று மோட்டாரும் ஓடாது. ஆகவே மேகம் திரளும்போதே தொட்டியை நிரப்பி, செல்போனையும் டார்ச்சையும் சார்ஜ் செய்துவிடுங்கள். ஆக்சிஜன் கருவியை நம்பியிருக்கும் நோயாளிகளின் வீட்டார் மாற்று சிலிண்டருக்கு இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள், அவசரமானால் 108.

இதெல்லாம் மின்வாரியத்தின் கடமையல்லவா என்ற கேள்வியும் நியாயமானதே. மழைக்கு முன்பே கிளைகளைக் கழிப்பதும் பழைய கம்பிகளை மாற்றுவதும் அவர்கள் பொறுப்பு. அதை எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் பழுது ஏற்பட்ட இரவில் நம் வீட்டுக்குள் நடப்பதற்கு நாமே பொறுப்பு.

கரண்ட் திரும்பும் நேரத்திலும் எச்சரிக்கை தேவை. நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறலாம். எனவே இடி கேட்கும் முன்பே டிவி, ஃபிரிட்ஜ் பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். அது மிகப் பிரகாசமாகவோ மங்கலாகவோ எரிந்தால் மெயினை அணைத்துவிட்டுப் புகார் செய்யுங்கள். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டதும் தானாகத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்.சி.டி. இல்லையென்றால், அடுத்த மழைக்குள் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்திவிடுங்கள்.