சிறைச்சாலை உத்தியோகம்: விண்ணப்பிக்குமுன் அறிய வேண்டியவை

வீட்டில் ஒரு பிள்ளை சிறைச்சாலைக் காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னால் எமக்குத் தயக்கம் ஏற்படுவது இயல்பே. 1983 யூலை 25, 27 ஆந் திகதிகளில் வெலிக்கடைச் சிறைச்சாலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. மறுபுறம், காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு மாதச் சம்பளம் பெரும் ஆறுதல். ஆகவே இத்தொழிலைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வோம்.

வேலை என்ன?

சிறைச்சாலைகள் 1905 முதல் தனித் திணைக்களமாக இயங்குகின்றன. காவலர், சார்ஜன், ஜெயிலர், அத்தியட்சகர் எனப் பதவிகள் உண்டு. காவலர் கைதிகளை எண்ணிக் கணக்கெடுப்பார்; கூடங்களைச் சோதிப்பார்; பார்க்க வரும் உறவினரை ஒழுங்குபடுத்துவார். இரவுக் கடமையும் உண்டு. பொங்கலுக்கும் நத்தாருக்கும் வீட்டில் நிற்க முடியாமற் போகலாம்.

உள்ளே இருப்பவர் யார்?

அண்மைக் காலத்தில் எமது சிறைகளில் பெரும்பான்மையோர் விளக்கமறியற் கைதிகள். நீதிமன்றம் இன்னும் இவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்க்கவில்லை. தீர்ப்புப் பெற்றவர்களும் ஒருநாள் ஊருக்குத் திரும்புவார்கள். பல்லேகலை போன்ற திறந்த சிறைச்சாலை முகாம்களில் கைதிகள் பயிர் செய்கின்றனர். அங்கே மண்ணையும் பயிரையும் அறிந்த உத்தியோகத்தரின் சொல்லுக்கு மதிப்புண்டு.

எதைக் கடைப்பிடிக்க வேண்டும்?

ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகள் கூறுபவற்றுட் சில:

1. தற்காப்புக்கு, தப்பிச் செல்வதைத் தடுக்க, சட்டப்படியான கட்டளையை எதிர்ப்பவரை அடக்க மட்டுமே பலத்தைப் பயன்படுத்தலாம். அதுவும் தேவையான அளவுக்கு மேற் கூடாது. உடனே மேலதிகாரிக்கு அறிவிக்க வேண்டும்.
2. கேட்கும் நேரம் குடிநீர் கிடைக்க வேண்டும்.
3. அவசர நோயாளிக்கு உடன் வைத்திய உதவி வேண்டும்.
4. தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் ஒருவரைத் தனிமையில் அடைத்தல் ஆகாது.

அடைபட்டவர் தண்ணீருக்கும் மருந்துக்கும் உயிருக்கும் காவலரையே நம்பியிருக்கிறார். ஆத்திரத்தை அடக்கத் தெரியாதவருக்கும், கைநீட்டிக் காசு வாங்க மனம் வருபவருக்கும் இவ்வேலை பொருந்தாது. எமது துன்பத்தை அறிந்த பிள்ளை, பிறர் துன்பத்தையும் அறிந்து நடந்தால் நல்ல உத்தியோகத்தராவார்.

விண்ணப்பம்

வயது, கல்வி, உயரம் ஆகிய தகைமைகளை அரசாங்க வர்த்தமானியில் வாசித்து அறியுங்கள். வேலை எடுத்துத் தருவதாகப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

கலந்துரையாடுவோம்

1. எமது ஊரில் சிறையிலிருந்து திரும்பியவரை நாம் எப்படி நடத்துகிறோம்?
2. சக காவலர் ஒரு கைதியை அடித்தால் எமது பிள்ளை என்ன செய்ய வேண்டும்?