பெயரும் பண்டமும்

சென்னை மாநகரின் வடபால், துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளுள் தண்டையார்பேட்டையும் ஒன்று. அந்தி சாயும் வேளையில் வடசென்னைத் தெருவோரத் தள்ளுவண்டிகளில் ‘அத்தோ’ என்னும் உணவு விற்கக் காணலாம். நூடுல்ஸ் என இக்காலத்தார் வழங்கும் மாவிழைகளோடு முட்டைக்கோசு, வெங்காயம், புளிநீர், மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, ‘பேஜோ’ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவிக் கையாற் பிசைந்து தருவர். இஃது எந்நாட்டு உணவு? இதன் பெயர் எம்மொழிச் சொல்?

இன்று மியன்மா எனப்படும் பர்மாவில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழ்ந்தனர். 1962ஆம் ஆண்டில் அங்குப் படைத்தலைவர் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. ஈட்டியதை இழந்து, கப்பலேறிச் சென்னையில் வந்திறங்கியோர் பலர். பொன்னையும் பணத்தையும் தடுத்த காவலர் நாவின் சுவையைத் தடுக்க வல்லரோ? அச்சுவையே சிலர்க்குப் பின்னர்ப் பிழைப்பும் ஆயிற்று.

அவ்வாறு சிறுமியாய் வந்த மூதாட்டி ஒருவர் தண்டையார்பேட்டையில் வாழ்கிறார். அலுவலின் பொருட்டு ரங்கூன் சென்று மீண்ட அவர்தம் பேரன் ஒருநாள், “பாட்டி, நீங்கள் செய்வது அத்தோ அன்று. அங்கே இஞ்சியைக் கலந்தாலும் அத்தோ. ஊறவைத்த தேயிலையைக் கலந்தாலும் அத்தோ. இது ஒன்றை மட்டும் அப்பெயரால் அழைப்பார் அங்கில்லை” என்றான்.

“கையால் பிசைந்து கலப்பது அத்தோ. நான் என்ன கரண்டியாலா கலந்தேன்?” என்றார் பாட்டி.

இருவர் கூற்றும் மெய்யே. பர்மிய மொழியில் அது காரணப் பொதுப்பெயர். பொரிக்கப்படுவன எல்லாம் பொரியல் ஆதல் போன்றது. வடசென்னையில் அஃது ஒரே உணவுக்குரிய சிறப்புப்பெயராய்ச் சுருங்கிற்று. எனினும் பெயர்க்குரிய காரணம் கெடவில்லை; பிசையும் கை இருக்கிறது.

பேரன் விட்டானில்லை. “ஆயின், மொயிங்காவில் மீன் எங்கே?” என்றான்.

மொயிங்கா என்பது பர்மியர் காலையில் உண்ணும் உணவு. அரிசி இழைகளின்மேல் மீன் சாற்றைப் பெய்து உண்பர். வாழைத்தண்டும் அதில் இடுவர். சென்னை வண்டிகளிலோ பெரும்பாலும் தண்டு நின்றது, மீன் மறைந்தது. நம் மிளகுத்தண்ணீரைச் சென்னை வாழ் ஆங்கிலேயர் ‘மல்லிகட்டானி’ என்றனர். இறைச்சியும் மாவும் சேர்த்துத் தண்ணீர் என்னும் சொல்லே பொருந்தாத வண்ணம் தடிக்கச் செய்தனர். அதனைக் கேட்டு நகைக்கும் நாம், பிறர் உணவுக்கு வேறோர் அளவுகோல் கொள்ளுதல் முறையாகுமா?

பாட்டி மறுமொழி கூறவில்லை. அவ்வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மீன் சமைப்பதில்லை. அடுத்த வெள்ளியன்று சட்டியை இறக்கி வைத்து, “தண்டுச் சாறு ஆயிற்று, உண்ண வாருங்கள்” என்றழைத்தார். ஞாயிறன்று காசிமேட்டு மீன் வந்தது. அன்றுதான் அவர் வாயில் மொயிங்கா என்னும் பெயர் மீண்டும் வந்தது.