பற்றுரிமை

வாடகை மோட்டார் வண்டி ஒன்றையே பிழைப்புக்கு முதலாகக் கொண்ட ஒருவரை எண்ணிப் பார்க்க. வண்டியின் எஞ்சின் பழுதுற்றது. பட்டறையில் கொண்டுபோய் விட்டார். உறுப்புகளின் விலையும் கூலியும் சேர்த்து 18,000 ரூபாய் எனப் பேசி முடித்தனர். குறித்த நாளில் வண்டியை எடுக்கச் சென்றவரிடம் பட்டறைக்காரர் 31,000 ரூபாய்க்குப் பட்டியலை நீட்டினார். பணம் முழுவதும் வந்தாலன்றி வண்டி வாயிலைத் தாண்டாது என்றும் கூறிவிட்டார். வண்டி ஓடாத நாள் ஒவ்வொன்றும் அவ்வீட்டில் வருவாயற்ற நாள். பட்டறைக்காரரும் பெருஞ்செல்வர் அல்லர். உறுப்புகளைக் கடனுக்கு வாங்கிப் பூட்டியவர். வண்டி கைவிட்டுப் போனபின் கூலி வந்து சேரும் என்பதற்கு அவருக்கு உறுதி யாது?

இவ்விருவர்க்கும் இடையே நிற்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒரு பொருளை ஒரு காரியத்தின் பொருட்டு ஒருவர் கையில் கொடுத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறுவதை அச்சட்டம் ஒப்படைப்பு என வகுக்கிறது. வண்ணாரிடம் துணியும், தட்டாரிடம் பொன்னும், பட்டறையில் வண்டியும் கொடுப்பது இவ்வகையே. ஒப்படைத்த பொருளின்மீது உழைப்பையோ தொழில்திறனையோ செலுத்தியவர், அவ்வேலைக்கு உரிய கூலியைப் பெறும்வரை அப்பொருளைத் தம்மிடமே நிறுத்தி வைக்கலாம் என்பது 170ஆம் பிரிவு. இதுவே பற்றுரிமை எனப்படும். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி பெறும்வரை தீட்டியவர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. ஆனால் சட்டையைத் தைத்தவுடன் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பணம் பெறுவதாக இசைந்த தையற்காரர்க்கு அவ்வுரிமை இல்லை. தவணை கொடுத்தவர் பொருளைப் பற்றி நிற்றல் பொருந்தாதன்றோ?

ஆகவே வண்டியை நிறுத்தி வைத்த அளவில் பட்டறைக்காரர் பிழை செய்தவர் ஆகார். ஆயினும் அவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு; பெரும்பாலோர் அறியாதவை அவ்வெல்லைகளே.

பற்றுரிமை அந்த வேலைக்கு உரிய கூலியை மட்டுமே பற்றும். சென்ற ஆண்டு வேறொரு வேலையில் நின்ற பழைய பாக்கிக்காக இவ்வாண்டு வந்த வண்டியைப் பிடித்து வைத்தல் கூடாது. பழைய கணக்கு முழுவதற்கும் பொருளை நிறுத்தும் உரிமையை 171ஆம் பிரிவு வங்கியாளர் முதலிய சிலர்க்கே வழங்குகிறது. பட்டறைக்காரர் அவ்வரிசையில் இல்லர். அவர்க்கு அவ்வுரிமை வேண்டுமாயின் வெளிப்படையான ஒப்பந்தம் வேண்டும். வண்டியை விடும்போது கையெழுத்திடும் சீட்டின் பின்புறத்தில் நுண்ணிய எழுத்தில் அச்சிட்டிருப்பவற்றைப் படித்தபின் கையெழுத்திடுதல் இதனாலேயே தேவையாகிறது.

நிறுத்தி வைத்த நாள்களுக்கு வாடகை கேட்கலாமா? இங்கிலாந்தில் ஒரு கப்பலைச் செப்பனிட்டவர், கூலிக்காக அதைத் தம் துறையில் நிறுத்தி, நிறுத்திய நாள்களுக்கும் கட்டணம் கேட்டார். தம் நன்மைக்காகத் தாமே நிறுத்தியதற்குப் பிறரிடம் கட்டணம் கேட்டல் செல்லாது என 1860இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. அந்நாட்டு நீதிமன்றம் மோட்டார் வண்டி ஒன்றைப் பற்றியே மற்றொரு தீர்ப்பு வழங்கியது: வண்டியை உடையவர் வேண்டும்போதெல்லாம் எடுத்துச் செல்லும் ஏற்பாட்டில் அதைப் பராமரித்து வந்த நிறுவனத்திற்குப் பற்றுரிமை இல்லை என்பது அது. கையில் இடையறாது இருப்பதே பற்றுரிமைக்கு உயிர். கைவிட்டால் உரிமையும் விடும்.

வண்டியை விற்றுக் கூலியை எடுத்துக்கொள்ளவும் 170ஆம் பிரிவு இடந்தரவில்லை. அடகு பிடித்தவர்க்குத் தக்க அறிவிப்புக்குப்பின் விற்கும் உரிமை உண்டு. பழுது பார்த்தவர்க்கு நிறுத்தி வைப்பது மட்டுமே. நிறுத்திய வண்டியைத் தம் பொருள் போலவே கருத்துடன் காத்தல் வேண்டும். அதில் ஏறித் தம் வேலைக்குச் சுற்றிவந்து சேதம் நேர்ந்தால் ஈடு செய்ய வேண்டியவர் அவரே.

இனி வண்டிக்காரர்பால் வருவோம். அவர் மனத்தில் எழும் முதல் எண்ணம் வீட்டிலுள்ள மாற்றுச் சாவியாகவே இருக்கும். வண்டி தம்முடையது, இரவில் சென்று ஓட்டிவந்தால் என்ன? இவ்வெண்ணம் அவரைச் சிறைவாயிலில் கொண்டு நிறுத்தக் கூடும். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் ஒரு கடிகாரத்தைக் காட்டி இதனை விளக்கியது. பழுது பார்த்த கூலிக்காக ஒருவர் முறைப்படி வைத்திருக்கும் கடிகாரத்தை, அவர்க்குரிய ஈட்டை இழக்கச் செய்யும் கருத்துடன் உடையவரே எடுத்துச் சென்றால், அது திருட்டு. தன் பொருளைத் தானே திருடுதல் என்பது கேட்க வியப்பாயினும் சட்டம் அவ்வாறே கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. திருட்டின் இலக்கணம் மாறவில்லை.

பின் அவர் செய்யக் கூடுவது என்ன? எவ்வுறுப்புக்கு என்ன விலை, எவ்வேலைக்கு என்ன கூலி என்று பகுத்தெழுதிய பட்டியலை முதலில் கேட்டுப் பெற வேண்டும். மிகையாகச் செய்த வேலைக்குத் தாம் இசைந்தாரா என்பதே இவ்வழக்கின் உயிர்நிலை. இசையவில்லையெனின், உரிய 18,000 ரூபாயைச் சான்றினர்முன் நீட்டலாம். உண்மையில் உரிய தொகை அதுவேயாயின், அதனை மறுத்தவர்க்கு அதன்பின் பற்றுரிமை நில்லாது. ஆனால் எது உரிய தொகை என்பதை நீதிமன்றம் தீர்க்கும்வரை வண்டி பட்டறையிலேயே கிடக்கும். அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவர்க்கு அது தாங்காது.

அதற்கும் ஒரு வழி உளது. சட்டத்திற்கு மாறான மிகைக் கட்டணத்தைக் கேட்டுப் பொருளைத் தர மறுத்த இரயில்வே நிறுவனத்திற்குப் பணத்தைக் கட்டிப் பொருளை மீட்டவர், மிகையைத் திரும்பப் பெறலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு காட்டுகிறது. அவ்வாறே வண்டிக்காரரும் 31,000 ரூபாயைக் கட்டி, மிகைத் தொகையை மறுப்புடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்து, அதன் படியையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளலாம். பின்னர் 13,000 ரூபாய்க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தம் உழைப்பால் பிழைப்பதற்காகவே வண்டி வைத்திருப்பவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையீட்டை ஏற்கும். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தல் வேண்டும். முறையீடு அதன் போக்கில் நடக்கும். வண்டியோ அன்று மாலையே தெருவில் ஓடும்.