வீணையைக் கம்ப்யூட்டருக்குக் கேட்கவைப்பது எப்படி?

குஜிலியம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். வயதான என் அத்தை வீணை வாசிப்பார். அதைப் பதிந்து வைக்க ஆசை. வீணையில் ஒரு தகட்டு பிக்கப்பை ஒட்டி மைக் ஜாக்கில் செருகினேன். தகர டப்பாவில் கம்பி கட்டி மீட்டியது போல் கேட்கிறது. பிக்கப் மோசமா, கம்ப்யூட்டர் மோசமா?"

பெரும்பாலும் இரண்டுமே மோசமில்லை. இரண்டையும் இணைத்த இடத்தில்தான் தவறு. அதைப் புரிந்துகொள்ள, பிக்கப் என்பது எதைக் "கேட்கிறது" என்று முதலில் பார்ப்போம்.

காந்த பிக்கப்

மைக் காற்றில் வரும் ஒலியைக் கேட்கிறது. எலெக்ட்ரிக் கிதாரில் இருக்கும் பிக்கப் காற்றைக் கேட்பதே இல்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் உண்டாகிறது. 1932ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் "வாணலி" கிதாரில், குதிரை லாட வடிவக் காந்தங்கள் கம்பிகளுக்கு மேலேயும் வளைந்து வந்தன. 1950களில் டேன்எலக்ட்ரோ நிறுவனம் லிப்ஸ்டிக் குழாய்க்குள்ளேயே பிக்கப்பை அடைத்து விற்றது. அதன் ஒலி மணி போலத் தெளிவாக, பளிச்சென்று இருக்கும்.

ஒற்றைச் சுருளில் ஒரு குறை உண்டு. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது பிடித்துக்கொள்ளும். 1955ல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை அடக்கினார். ஒலியும் சற்றுத் தடித்து, மென்மையானது.

நம் நாட்டில் இதன் சிறப்பை எல்லோருக்கும் காட்டியவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014). வழக்கமான மாண்டலினில் எட்டுக் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒலி சட்டென்று அடங்கிவிடும். அவர் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்தார். ஒற்றைக் கம்பியை இழுத்து வளைப்பது எளிது. அடங்கப் போகும் மெல்லிய ஒலியையும் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கிக் காட்டும். கமகத்துக்கு வேண்டியது இதுதானே!

அப்படியானால் வீணைக்கும் இதையே வைக்கலாமா? எஃகுக் கம்பியான சாரணி நன்றாகக் கேட்கும். பித்தளைக் கம்பியை மட்டும் காந்தம் கண்டுகொள்ளாது.

தகட்டு பிக்கப்

நம் வாசகர் ஒட்டியது பீசோ தகடு. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளில் இருக்கும் அதே வகைதான். சில பத்து ரூபாய்க்கே கிடைக்கும். அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தைக் கியூரி சகோதரர்கள் 1880ல் கண்டறிந்தனர். இது கம்பியைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வைக் கேட்கிறது. ஆகவே எந்த உலோகக் கம்பியானாலும் சரி. ஆனால் மீட்டும் நகத்தின் "டிக்" ஓசையும், பலகையில் கைபடும் ஓசையும் சேர்ந்தே வரும்.

ஒளி பிக்கப், கம்பிக்கு ஒன்று

லைட்வேவ் என்ற பேஸ் கிதார் அகச்சிவப்பு ஒளியால் கம்பியைக் கவனிக்கிறது. கம்பியின் நிழல் அசைவதே ஒலியாகிறது. காந்தம் கம்பியை இழுப்பதில்லை என்பதால் ஒலி தூய்மையாக, நீண்டு நிற்கும்.

ரோலண்ட் நிறுவனம் 1977ல் கொண்டுவந்த கிதார் சிந்தசைசரில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி பிக்கப். இன்று இத்தகைய பிக்கப்பைக் கம்ப்யூட்டருடன் இணைத்துக் கிதாரில் புல்லாங்குழல் ஒலியையும் எழுப்பலாம். ஒரு சிக்கல்: எந்த ஸ்வரம் என்று அறிய ஒரு முழு அதிர்வாவது தேவை. கிதாரின் தடித்த கம்பிக்கு அதுவே 12 மில்லி செகண்ட் ஆகும். அந்தத் தாமதம் விரலுக்குத் தெரியும்.

தவறு எங்கே?

பீசோ தகடு தரும் மின்சாரம் மிகப் பலவீனமானது. அதை இணைக்கும் ஜாக்கின் மின்தடை மிக அதிகமாக, 1 மெகாஓமாவது இருக்க வேண்டும். மைக் ஜாக்கில் சில கிலோஓம்தான் இருக்கும். 20 நானோஃபாரட் தகட்டை 10 கிலோஓம் ஜாக்கில் செருகினால், சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எல்லாம் தேயத் தொடங்கும். மூன்று கட்டை சுருதியில் சாரணியின் ஷட்ஜம் சுமார் 165 ஹெர்ட்ஸ். அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மந்தரம் பத்தில் ஒரு பங்கு. மிஞ்சுவது "டிக்" ஓசையும் கீச்சொலியும்தான். தகர டப்பா ஒலி இப்படித்தான் வந்தது!

என்ன செய்யலாம்?

1. யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கவும். அதில் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவும். அல்லது 1 மெகாஓம் கொண்ட சிறிய ப்ரீஆம்ப் ஒன்றை இடையில் இணைக்கவும்.

2. தகட்டைக் குதிரைக்கு அருகில் குடத்தின் பலகையில் ஒட்டவும். விரலளவு நகர்த்தினாலும் ஒலி மாறும். நான்கைந்து இடங்களில் பதிந்து ஒப்பிடவும்.

3. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி புரோகிராமைத் திறந்து, பதியும் சாதனமாக இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுக்கவும். மோனோ, 44100 ஹெர்ட்ஸ் என அமைத்து, சிவப்பு பட்டனில் கிளிக் செய்திடவும். பலமாக மீட்டும்போதும் அளவு மைனஸ் 6க்கு மேல் போகக்கூடாது.

4. விண்டோஸில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதனை நிறுத்திவிடவும். அது கம்பியின் அடங்கும் ஒலியையும் இரைச்சல் என எண்ணி வெட்டிவிடும்.

5. முடிந்ததும் வேவ் ஃபைலாக சேமித்து, பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைக்கவும்.

எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஒயரை ஒருபோதும் கம்ப்யூட்டரில் செருக வேண்டாம். சவுண்ட் கார்ட் கெட்டுவிடும்.

இன்டர்ஃபேஸ் வாங்க இப்போது வசதி இல்லையா? தகட்டை எடுத்துவிட்டு, சாதாரண மைக் ஒன்றைக் குடத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியவும். தவறான ஜாக்கில் செருகிய பிக்கப்பைவிட இது நன்றாகவே இருக்கும். பின்னர் நல்ல கருவி வாங்கி மீண்டும் பதியலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். அத்தையை இந்த வாரமே வாசிக்கச் சொல்லுங்கள்.